நடுவெளி யாருக்கு?

கொடிமலைக் காட்டின் நடுவில் ஒரு பெரிய குளம் இருந்தது. குளத்தைச் சுற்றி அகலமான புல்வெளி. அதை எல்லா விலங்குகளும் நடுவெளி என்று அழைத்தன. யானையும் மானும் பன்றியும் முயலும் அதன் ஓரங்களில்தான் குடியிருந்தன.

ஓர் ஐப்பசியில் பெரும் புயல் வீசியது. நடுவெளியைச் சுற்றி நின்ற மரங்களில் பல வேரோடு சாய்ந்தன. வளைகளை மண் மூடியது. பயந்துபோன விலங்குகள் காட்டின் விளிம்புகளுக்கு, ஆளுக்கொரு திசையில் போய்விட்டன. பிறகு யாரும் திரும்பி வரவில்லை. இரண்டே ஆண்டுகளில் உண்ணிச்செடிப் புதர் புல்வெளியைப் பாதிக்குமேல் விழுங்கிவிட்டது. விழுந்த மரங்கள் விழுந்தபடியே கிடந்தன.

விளிம்பில் தனித்தனியாக இருந்தவர்களைத் தேடிச் செந்நாய்கள் வர ஆரம்பித்தன.

ஒரு நாள் காலையில் மான் கூட்டத்தின் தலைவி செவ்வந்தி, யானை பெரியகாதியிடம் வந்தது. பெரியகாதிதான் அந்தக் காட்டுக்கு மூத்தது. எல்லாரும் அதை "யானையக்கா" என்பார்கள்.

"யானையக்கா, நாங்கள் மலையைத் தாண்டி அடுத்த காட்டுக்குப் போகிறோம். சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்!"

"ஏன்? என்ன ஆயிற்று?"

"இந்தக் கோடையில் மட்டும் நான்கு குட்டிகளை இழந்துவிட்டோம். செந்நாய் வரும்போது கத்துகிறோம். கேட்க யாரும் பக்கத்தில் இல்லை!"

பெரியகாதிக்குத் தும்பிக்கை தொங்கிப்போனது. "முதல் மழை வரைக்கும் பொறுத்துக்கொள், செவ்வந்தி. எல்லாரும் மறுபடி ஒன்றாக இருக்க ஒரு வழி பார்க்கிறேன்."

"சரி. முதல் மழை வரைக்கும்தான்!" என்றது செவ்வந்தி.

அன்று மாலையே பெரியகாதி பிளிறிய பிளிறலில் காடு முழுவதும் நடுவெளியில் வந்து கூடியது.

"நடுவெளியைத் திரும்பவும் சீராக்கப் போகிறோம். எப்படி இருக்க வேண்டும் என்று உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்!" என்றது பெரியகாதி.

அவ்வளவுதான்! ஒரே கூச்சல்.

"நல்ல சேறு வேண்டும்! புரண்டு எத்தனை நாளாயிற்று!" என்று உறுமியது பன்றி.

"ஆட ஒரு மேடு வேண்டும். நாலு பேர் பார்க்கிற மாதிரி!" என்றது மயில்.

"பழ மரம்! பழ மரம்!" என்று கிளையை உலுக்கியது மந்தி.

"பகலில் பயமில்லாமல் தூங்க ஒரு மூலை கிடைத்தால் போதும்" என்று முயல் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

பெரியகாதிக்குத் தலை சுற்றியது. அப்போது கூர்மூக்கன் என்ற நரி பணிவாக முன்னால் வந்தது.

"யானையக்கா! இப்படி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் ஆகாது. எனக்குப் பத்து நாள் கொடுங்கள். ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து, அவரவர் விருப்பத்தைக் கேட்டு, ஒரு நல்ல திட்டத்தோடு வருகிறேன்!"

"ஆகா! இதுவல்லவா பொறுப்பு!" என்றது மயில்.

கூட்டத்தின் ஓரத்தில் தவிட்டி என்ற கீரி நின்றிருந்தது. பழுப்பு நிறம், சிறிய உடம்பு, எதையும் இரண்டு முறை பார்க்கும் கண். "நரியண்ணே! எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டது தவிட்டி.

"எனக்கா? எனக்கு ஒன்றுமே வேண்டாம், தங்கச்சி! குளத்து வாசலில் உட்கார ஒரு சின்ன இடம் போதும்!"

எல்லாரும் நரியின் நல்ல மனத்தைப் பாராட்டினார்கள். தவிட்டி மட்டும் யோசித்தது. குளத்துக்கு ஏது வாசல்?

மறுநாளே கூர்மூக்கன் தன் வேலையைத் தொடங்கியது. மூன்றாம் நாள் தவிட்டியின் புற்றுக்கும் வந்தது.

"தங்கச்சி, உனக்கு ஒரு நல்ல செய்தி! குளத்தின் கிழக்குக் கரை இருக்கிறதே, மண் மெதுவாக, காலை வெயில் விழுகிற இடம், அதை உனக்கே ஒதுக்கியிருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே. பொறாமைப்படுவார்கள்!"

தவிட்டிக்கு உள்ளுக்குள் இனித்தது. கிழக்குக் கரையை யாருக்குத்தான் பிடிக்காது? அன்று முழுவதும் அங்கே எப்படி வளை தோண்டலாம் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. முயலை வழியில் பார்க்கும் வரை அப்படித்தான் இருந்தது.

முயல் துள்ளிக்கொண்டு வந்தது. "தவிட்டி அக்கா! இனி நான் நிம்மதியாகத் தூங்குவேன்! நரியண்ணன் எனக்குக் கிழக்குக் கரையை..." சொல்லும்போதே முயல் வாயைப் பொத்திக்கொண்டது.

 தவிட்டி நேராக நடுவெளிக்குப் போனது. அங்கே மயில் கிழக்குக் கரையில் நின்று, எந்தப் பக்கம் திரும்பித் தோகையை விரித்தால் அழகாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

குளத்தைச் சுற்றிப் புதிதாக ஒரு முள்வேலி எழும்பிக்கொண்டிருந்தது! நரி முள் கிளைகளை இழுத்து வந்து அடுக்கியது. நான்கு பன்றிகள் கூடவே வேலை செய்தன. வடக்குப் பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு யானை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள்.

"எதற்கு அண்ணே வேலி?" என்று கேட்டது தவிட்டி.

"தண்ணீர் கலங்காமல் இருக்க! எல்லாரும் ஒரே வழியாக வந்து போனால் ஒழுங்காக இருக்குமே!"

"அந்த வழியில் யார் இருப்பார்கள்?"

"நான்தான்! சும்மா உட்கார்ந்திருப்பேன்."

"தாகத்தோடு வருகிற ஒருவரை நீங்கள் போகக் கூடாது என்றால்?"

"அப்படி நான் ஏன் சொல்லப்போகிறேன்!" என்று கூர்மூக்கன் சிரித்தது. பல் தெரியச் சிரித்தது.

தவிட்டி, அன்று சேறு கேட்ட பன்றியைத் தனியாக அழைத்துப் போனது. "அண்ணே, உங்களுக்குக் கிழக்குக் கரையைத் தருவதாக நரி சொன்னானா? முயலுக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறான். எனக்கும் சொன்னான்!"

பன்றி முகத்தைச் சுளித்தது. "நரியண்ணன் சொன்னது சரியாகப் போயிற்று! கேட்டால் பொறாமைப்படுவார்கள், இல்லாததும் பொல்லாததும் சொல்லிக் கலைப்பார்கள் என்றார். முதல் ஆள் நீதான்! போ, போ!"

வாயால் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை என்று தவிட்டிக்குப் புரிந்தது. அவரவர் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அது பெரியகாதியிடம் போனது.

"யானையக்கா, ஒரே ஒரு வேண்டுகோள். பத்தாம் நாள் திட்டத்தைக் கேட்பதற்கு முன்னால், அவரவர் இடத்தில் அவரவரைப் போய் நிற்கச் சொல்லுங்கள்."

"எதற்கு?"

"காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்த்தால் உங்களுக்குச் சீக்கிரம் விளங்குமே, அக்கா!"

பெரியகாதி காதை ஆட்டியது. "நல்ல யோசனைதான்!" என்றது. அதன் முகத்தில் ஏதோ ஒரு மகிழ்ச்சியை மறைப்பது போன்ற சாடை தெரிந்தது. தவிட்டிக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் வந்தது. மேற்கே மேகம் திரண்டு நின்றது. முதல் மழைக்கு அதிக நாள் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. கூர்மூக்கன் ஒரு பாறைமேல் ஏறி நின்று தொண்டையைச் செருமியது.

"பெரியோர்களே! இந்தக் காட்டில் இதுவரை யாரும் கண்டிராத ஒரு திட்டத்தை..."

"கொஞ்சம் இரு, கூர்மூக்கா!" என்றது பெரியகாதி. "எல்லாரும் முதலில் உங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் போய் நில்லுங்கள். பார்த்துக்கொண்டே கேட்கலாம்!"

நரியின் வால் தாழ்ந்தது. "இப்போதேவா அக்கா? வெயில் ஏறட்டுமே... இல்லை, மழை வரும்போல இருக்கிறதே..."

யாரும் அதைக் கேட்டு நிற்கவில்லை. பன்றி ஓடியது. மயில் பறந்தது. மந்தி தாவியது. முயல் எல்லாரையும் முந்திக்கொண்டு போனது. எல்லாரும் கிழக்குக் கரைக்கே போனார்கள்!

"நீ ஏன் இங்கே நிற்கிறாய்?" என்றது பன்றி.

"என் மேட்டில் நீ ஏன் நிற்கிறாய்?" என்றது மயில்.

"காலை எடு! என் வாலை மிதிக்கிறாய்!" என்று கீச்சிட்டது மந்தி.

செவ்வந்தியும் தன் கூட்டத்தோடு அங்கேதான் வந்து நின்றது. அதற்கும் அந்த இடம் சொல்லப்பட்டிருந்தது. கடைசியாகத் தரை அதிர ஒரு கனத்த உருவம் வந்து, கூட்டத்துக்குள் கால் வைக்க இடமில்லாமல் திகைத்து நின்றது.

பெரியகாதி!

"அக்கா, நீங்களுமா?" என்று கேட்டது தவிட்டி.

பெரியகாதி தலையைக் குனிந்துகொண்டது. "நான் குளிக்கும் துறை இதுதான் என்றான். நானும் நம்பிவிட்டேன்."

 எல்லாத் தலைகளும் பாறைப் பக்கம் திரும்பின. பாறையில் நரி இல்லை. வேலி ஓரமாகப் பதுங்கி ஓடப் பார்த்த கூர்மூக்கன், தானே அடுக்கிய முள்ளில் வாலை மாட்டிக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தது. பன்றி அதை இழுத்து வந்து நடுவில் போட்டது.

"ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டது பெரியகாதி.

கூர்மூக்கன் முதலில் மழுப்பியது. பிறகு வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னது. "எனக்குக் கொம்பில்லை, தந்தமில்லை. இந்தக் காட்டில் என்னை யார் மதிக்கிறார்கள்? நீங்கள் இந்தக் கரைக்காகச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் வாசல் என் கையில் இருக்கும். யானைகூட என்னிடம் கேட்டுத்தானே தண்ணீர் குடிக்க வேண்டும்!"

"இவனை மிதித்தே கொல்ல வேண்டும்!" என்று பன்றி சீறியது. ஆனால் அதே மூச்சில் மயில் பக்கம் திரும்பி, "இருந்தாலும் முதலில் எனக்குத்தான் சொன்னான். கரை எனக்குத்தான்!" என்றது.

"உனக்கா? சேற்றில் புரள்பவனுக்கு எதற்கு இவ்வளவு நல்ல இடம்?"

சண்டை மறுபடி மூண்டது. முன்னைவிடப் பெரிதாக மூண்டது. செவ்வந்தி சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு தன் கூட்டத்திடம், "இதைப் பார்க்கவா பத்து நாள் காத்திருந்தோம்? கிளம்புங்கள்!" என்றது. மான்கள் ஒவ்வொன்றாக மலைப் பக்கம் திரும்பின.

தவிட்டி விழுந்து கிடந்த மருத மரத்தின்மேல் தாவி ஏறியது. தன்னால் முடிந்த அளவு உரக்கக் கத்தியது.

"செவ்வந்தி அக்கா, நில்லுங்கள்! எல்லாரும் நில்லுங்கள்! நாம் எங்கே நிற்கிறோம் என்று ஒரு தடவை பாருங்கள்!"

"கிழக்குக் கரையில்! வேறெங்கே!" என்றது பன்றி.

"ஆமாம்! புயலுக்குப் பிறகு இத்தனை பேர் இவ்வளவு நெருக்கமாக என்றைக்காவது நின்றோமா? நரி பொய் சொன்னான். ஆனால் நம் ஆசை பொய்யில்லை. யானைக்கும் இந்த இடம்தான் பிடிக்கிறது, முயலுக்கும் இதுதான் பிடிக்கிறது. இதைக் கூறு போட்டால் ஆளுக்கு ஒரு பிடி மண் கிடைக்கும். அதை வைத்து என்ன செய்வது? யாருக்கும் கொடுக்க வேண்டாம்! கரை, குளம், புல்வெளி எல்லாம் நடுவில் அப்படியே பொதுவாக இருக்கட்டும். நம் வீடுகளைச் சுற்றிலும் அமைப்போம். எல்லா வாசலும் நடுவெளியைப் பார்த்தே இருக்கட்டும்!"



"அப்படியானால் என் சேறு?" என்று இழுத்தது பன்றி.

"இங்கேதான்!"

"பன்றி புரண்ட இடத்தில் நான் ஆடுவேனா?" என்று மயில் கழுத்தை நிமிர்த்தியது.

"மேகம் கூடினால்தானே நீங்கள் ஆடுவீர்கள்? வெயில் சுட்டால்தானே அவர் புரள்வார்? இருவருக்கும் ஒரே நேரத்தில் இடம் தேவைப்படாதே!"

மயில் யோசித்தது. பன்றியும் யோசித்தது. இருவரும் தலையை ஆட்டினார்கள்.

"மந்தியின் பழ மரங்களை வீடுகளுக்கு மேலே நிழலுக்கு வைப்போம்" என்றது பெரியகாதி. அதற்கும் இப்போது உற்சாகம் வந்துவிட்டது. "பழம் தின்பவர் தின்னட்டும், உதிர்வதைக் கீழே இருப்பவர் பொறுக்கட்டும். விழுந்த மரங்களை நான் ஒதுக்கிப் பாதை போடுகிறேன்!"

அப்போது முயல் முன்னால் வந்தது. குரல் நடுங்கினாலும் இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. "யானையக்கா, எல்லா மரத்தையும் எடுத்துவிடாதீர்கள். பொந்து விழுந்த மரங்கள் இரண்டு மூன்றை அப்படியே விடுங்கள். அதற்குள் எங்களுக்கு நல்ல தூக்கம் வரும்."

"விட்டேன்!" என்றது பெரியகாதி.

செவ்வந்தி மட்டும் இன்னும் மலைப் பக்கம் பார்த்தபடியே நின்றது. "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. செந்நாய் வந்தால்?"

"சுற்றிலும் வீடுகள் இருக்கும் அக்கா. எந்தப் பக்கம் வந்தாலும் யாராவது ஒருவர் வாசலைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்!" என்றது தவிட்டி.

"முதல் மழை வரைக்கும் என்று சொன்னேன். அதுவரை இருக்கிறேன்" என்றது செவ்வந்தி. அதற்குமேல் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

கூர்மூக்கனைக் காட்டைவிட்டே துரத்த வேண்டும் என்று பன்றி பிடிவாதம் பிடித்தது. தவிட்டி ஒப்புக்கொள்ளவில்லை. "துரத்தினால் இன்னொரு காட்டில் போய் இன்னொரு வேலி கட்டுவான். கட்டியதை அவனே பிரிக்கட்டும். சுற்றில் அவனுக்கும் ஒரு வீடு இருக்கட்டும். நம் எல்லார் கண்ணும் படுகிற இடத்தில்!"

நடுவெளியைச் சுற்றி வீடுகள் அமைக்கும் வேலை மும்முரமாக நடந்தது. யானைகள் உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கின. பன்றிகள் மண்ணைக் கிளறிப் போட்ட இடத்தில் மந்திகள் நாவல் கொட்டையும் அத்திக் கிளையும் நட்டன. கிளறிய மண்ணில் தவிட்டிக்குப் பூச்சி ஏராளமாகக் கிடைத்தது. கூர்மூக்கன் வேலியைப் பிரிக்க மூன்று நாள் ஆயிற்று. கால் முழுவதும் முள் தைத்திருந்தது. யாரும் கேட்காமலே முயல் அருகில் உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கிவிட்டது.  வடக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு வளை கிடைத்தது. வாசல் குளத்தைப் பார்த்து இருந்தது.

வேலை தொடங்கிய எட்டாம் நாள் நண்பகலில் முதல் மழை பெய்தது. பெருந்துளிகள் குளத்தில் விழுந்து தெறித்தன. செவ்வந்தியின் கூட்டம் புல்வெளியின் நடுவில் நின்று நனைந்தது. "மழை விட்டதும் முடிவு சொல்கிறேன்" என்றது செவ்வந்தி.

அந்த நேரம் பார்த்து வடக்கே புதர் அசைந்தது. மழைச் சத்தத்தில் எந்தக் காலடியும் கேட்கவில்லை. ஒன்பது செந்நாய்கள் வரிசையாக, ஓசையில்லாமல் வந்தன. முதலில் பார்த்தது கூர்மூக்கன்தான். வளைக்குள் சத்தமில்லாமல் பதுங்கியிருந்தால் அதற்கு ஓர் ஆபத்தும் இல்லை. செந்நாய்களுக்கு வேண்டியது மான்.

நரி வெளியே வந்தது. மூக்கை வானத்துக்கு உயர்த்தி ஊளையிட்டது. இதுவரை அப்படி ஓர் ஊளையை அந்தக் காடு கேட்டதில்லை!

"செந்நாய்! வடக்கே! வடக்கே!"

மயில் அகவியது. மந்தி கிளைகளை உலுக்கிக் கத்தியது. பன்றிகள் வாசலைவிட்டுப் பாய்ந்து வந்து நரியின் இரண்டு பக்கமும் நின்றன. பெரியகாதி பிளிறிக்கொண்டு எதிர்க்கரையிலிருந்து குளத்தைக் கலக்கியபடி வந்தது. மரப் பொந்திலிருந்து முயல்கள்கூடப் பின்னங்காலால் தரையை அறைந்தன.

செந்நாய்கள் நின்றுவிட்டன. இதுவரை அவை ஓடும் முதுகுகளைத்தான் பார்த்திருந்தன. இன்று எந்தப் பக்கம் பார்த்தாலும் தங்களை நேருக்கு நேர் பார்க்கும் முகங்கள்! முன்னால் நின்ற செந்நாய் ஓர் அடி எடுத்து வைத்தது. பன்றிகள் இரண்டு அடி எடுத்து வைத்தன. செந்நாய் திரும்பியது. மற்ற எட்டும் அதன் பின்னால் திரும்பின. அன்று போனவை அந்தப் பக்கம் மீண்டும் வரவில்லை.

நடுவில் நின்ற மான்கள் ஓடவில்லை. ஒரு குட்டி மட்டும் பயந்து தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்தது. சற்று நேரத்தில் அதுவும் வெளியே வந்து புல்லைக் கடித்தது.

மழை விட்டது. செவ்வந்தி முதலில் நரியிடம் போனது. நரி வெட்கத்தோடு வேறு பக்கம் பார்த்தது.

"கூர்மூக்கா, உன் குரல் இவ்வளவு நல்ல குரல் என்று எனக்குத் தெரியாது!" என்றது செவ்வந்தி.

பிறகு அது பெரியகாதியிடமும் தவிட்டியிடமும் வந்தது. 

"யானையக்கா, மலைக்கு அந்தப் பக்கம் என் தங்கையின் கூட்டம் இருக்கிறது. பதினாறு பேர். அவர்களை இங்கே வரச் சொல்லப்போகிறேன். மேற்கு ஓரத்தில் இடம் இருக்குமா?"

"இருக்கிறது! தாராளமாக இருக்கிறது!" என்றது தவிட்டி, யானை வாயைத் திறப்பதற்குள்.

எல்லாரும் ஆசைப்படும் இடத்தை ஒருவருக்குக் கொடுத்தால் அது பகையை வளர்க்கும்; அனைவருக்கும் பொதுவாக வைத்தால் அது ஊரையே காக்கும்.